ஹாட் டப் பம்ப்: சீல் மாற்றுவதா, புதுசே வாங்குவதா?

ஏற்காட்டில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு ஹாட் டப், அதாவது உட்கார்ந்து குளிக்கும் சுடுதண்ணீர்த் தொட்டி, இருக்கிறது. அம்மாவின் முழங்கால் வலிக்காக 2015-ல் வாங்கியது. மார்கழிக் குளிரில் சாயங்காலம் இருபது நிமிஷம் அதில் உட்கார்ந்து எழுந்தால் அன்று ராத்திரி மாத்திரை இல்லாமல் தூங்குவார். அதனால் பம்ப் கெட்டபோது எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை. இரண்டு வாரம் விசாரித்து, கடைசியில் ரிப்பேர்தான் செய்தோம். அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் ஓடிவிட்டது. என் சாய்வு ரிப்பேர் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் தெரிந்தது பம்புக்கு அடியில் ஒரு சொட்டு. மோட்டாரும் பம்பும் சேரும் இடத்தில் உப்புப் பூத்தது போல வெள்ளையாக ஒரு படிவு, அதற்குக் கீழே துருக்கோடு. சில மாதத்தில் காய்ந்த கிரைண்டர் ஓடுவது போல ஒரு சத்தம். அப்புறம் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் தானாக அணையும் ஸ்விட்ச்) விழ ஆரம்பித்தது. அதை பைபாஸ் செய்து ஓட்டலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். மனிதர் உட்காரும் தண்ணீர் இது. அது விழுந்தால் எங்கோ மின்சாரம் கசிகிறது என்று அர்த்தம், மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.

புதுசு வாங்குவதில் உள்ள நன்மைகளைச் சொல்ல நிறைய இல்லை. சீல் (தண்டு வழியாகத் தண்ணீர் ஒழுகாமல் தடுக்கும் வளையம்), பேரிங், காயில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று) மூன்றும் ஒரே நாளில் புதிதாகும், வாரண்டி வரும், சத்தம் இருக்காது. எனக்கு வந்த விலை 34,000 ரூபாய், வர மூன்று வாரம். இணையத்தில் இதைவிட மலிவாகவும் கிடைக்கிறது, ஆனால் மோட்டார் மேல் இருக்கும் விவரத் தகட்டைப் படிக்காமல் வாங்காதீர்கள். அமெரிக்காவுக்காகச் செய்த பம்ப் 60 ஹெர்ட்ஸ். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வோல்ட் பொருந்தினாலும் அது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், ஜெட் (தண்ணீர் பீய்ச்சும் துவாரம்) சோர்ந்துபோகும், மோட்டாரும் சூடேறும்.

‘கோயம்புத்தூர் மோனோபிளாக் ஒன்றை மாட்டிவிடலாமே’ என்று பலரும் கேட்டார்கள். கிணற்றுக்கு நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன், நல்ல பம்ப். ஆனால் வார்ப்பிரும்பு உடம்பு குளோரின் கலந்த சுடுதண்ணீருக்கு ஆகாது. அதோடு அதற்கு ஒரே வேகம். எங்கள் டப் பம்புக்கு இரண்டு வேகம் உண்டு: வடிகட்டவும் சூடேற்றவும் மெதுவாக, ஜெட்டுக்கு வேகமாக. வேகம் பாதியானால் தண்ணீர் பாதி வரும், பம்ப் இழுக்கும் சக்தி கணக்குப்படி எட்டில் ஒரு பங்குதான். நிஜத்தில் அவ்வளவு குறையாது என்றாலும், நாள் முழுக்க மணிக்கணக்கில் ஓடும் பம்புக்கு இந்த வித்தியாசம் பில்லில் நன்றாகவே தெரியும்.

என்னை ரிப்பேர் பக்கம் இழுத்தது விலை மட்டும் இல்லை. அடுத்த முறை கெடும்போது யார் பார்ப்பார்கள், சாமான் எங்கே கிடைக்கும் என்பதுதான். ஐப்பசி மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் குப்பனூர் வழியாகச் சுற்ற வேண்டிய ஊர் இது. கடல் தாண்டி ஒரு பெட்டி வரும் என்று காத்திருந்தால் அம்மாவுக்குக் குளிர்காலமே முடிந்துவிடும்.

ஆனால் ரிப்பேரிலும் முதலில் ஏமாந்தேன். இங்கேயே ஒருவர் சீல் மாற்றித் தந்தார். மூன்றே வாரத்தில் மறுபடி சொட்டு. அப்புறம் பம்பைக் கழற்றிக் காரில் வைத்து, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் மோட்டாருக்குக் காயில் சுற்றித் தரும் ஒரு ரீவைண்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அந்தப் பெரியவர் பழைய சீலைத் தண்டில் விரலால் தள்ளிப் பார்த்தார், வழுக்கிக்கொண்டு போனது.

“இது பதினாறு மில்லி சீலுங்க கண்ணு. உங்க ஷாப்ட் அஞ்சு நூலு.”

ஐந்து நூல் என்றால் 5/8 அங்குலம், 15.875 மில்லிமீட்டர். வித்தியாசம் வெறும் அரைக்கால் மில்லிமீட்டர். அந்த அரைக்கால்தான் மூன்று வாரத்தில் என் பம்பை மறுபடி நனைத்தது.

அவர் மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்தார். காயில் எரியவில்லை, ஈரம்தான். ஏற்காட்டுப் பனிமூட்டமும் சீல் ஒழுக்கும் சேர்ந்து செய்த வேலை. காயவைத்து வார்னிஷ் கொடுத்தார். பேரிங் இரண்டும் 6203, எத்தனையோ வீட்டு மோட்டார்களில் இருக்கும் அளவு, எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி போட்டதைக் கேட்டு வாங்க வேண்டும். புது சீலின் பீங்கான் வளையத்தை அவர் துணியால் பிடித்துத்தான் எடுத்தார். அந்த முகத்தில் கை எண்ணெய் படக்கூடாதாம். கிரீஸும் தடவவில்லை, சோப்புத் தண்ணீர் தொட்டு ரப்பரை உட்காரவைத்தார். கெப்பாசிட்டரும் சேர்த்து மொத்தம் 3,100 ரூபாய், நான்கு நாள். அந்த நான்கு நாளும் டப்பைக் காலி செய்துவிட்டேன். வெதுவெதுப்பாகத் தேங்கி நிற்கும் தண்ணீர் கிருமிக்குத் தோதான இடம்.

காயில் எரிந்திருந்தால் இவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். இரண்டு வேகக் காயிலை ரீவைண்ட் செய்வது நுணுக்கமான வேலை, நான் செய்து பார்த்ததில்லை. தண்டு துரு தின்று குழி விழுந்திருந்தாலும், பிளாஸ்டிக் உடம்பு வெடித்திருந்தாலும் புதுசே வாங்கியிருப்பேன். சீலும் பேரிங்கும் மட்டும் போனதற்கு 34,000 கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

திரும்ப மாட்டும்போது ஒரு விஷயம். டப்பை நிரப்பியதும் பம்புக்குள் காற்று அடைத்து நிற்கும். அப்படியே ஓட்டினால் சீல் தண்ணீர் இல்லாமல் உரசிச் சூடாகி, புதுசிலேயே போய்விடும். ஸ்விட்ச் போடுவதற்கு முன்பு, பம்பிலிருந்து தண்ணீர் வெளியேறும் பக்கத்து யூனியனை (குழாயைப் பம்போடு இணைக்கும் திருகு வளையம்) கொஞ்சம் தளர்த்தினால் உஸ்ஸென்று காற்று போகும். தண்ணீர் கசிந்ததும் இறுக்கிவிடலாம். பம்ப் பெட்டிக் கதவின் உட்பக்கம் மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன்: பேரிங் 6203 இரண்டு, சீல் ஐந்து நூல், மாற்றிய தேதி. அந்த அளவு சீல் இன்னொன்றும் வாங்கி அம்மாவின் மருந்து அலமாரியில் வைத்திருக்கிறேன்.