தனுஷ்கோடி உப்புக்காத்துக்கு மரைன் ஸ்பீக்கர், ஓப்பன் மஹிந்திரா தார் ஜீப்ல மூணு மாசம்

பழைய பேப்பர் கோன் ஸ்பீக்கர் ஒரு வருசம் கூட தாங்கல. வாரா வாரம் அரிச்சல்முனை போறவன் நான், ரெண்டு பக்கமும் கடலு, உப்பும் மணலும் கிரில்லுக்குள்ள பூந்து கோன் ஊறி ஓரம் கிழிஞ்சிருச்சு, கழட்டிப் பாத்தா டெர்மினல் பூரா பச்சை பூத்துக் கெடக்கு.

இந்தத் தடவ படகுக்குன்னே செய்யுற மரைன் டைப் ஸ்பீக்கர், 6.5 இஞ்ச் நாலு போட்டேன். பிளாஸ்டிக் கோன், ரப்பர் விளிம்பு, ஐபி65 தரம், அதனால தூசியும் பீச்சியடிக்கிற தண்ணியும் உள்ள போகாது, ஆனா தண்ணிக்குள்ள முக்கக் கூடாது. வயரும் வெள்ளீயம் பூசுன செம்பு வயர்தான், அதுல மட்டும் காசு பாக்காதீங்க, சாதா வயர் நம்ம ஊருக்காத்துக்கு உள்ளுக்குள்ளயே கறுத்துரும்.

மேல மூடி இல்லாத வண்டில காத்துச் சத்தம் பேஸ், அதான் அடிச்சத்தத்த முழுங்கிரும், ஸ்டீரியோவோட சொந்தப் பவர் பத்தவே பத்தாது. சீட்டுக்கடியில நாலு ஸ்பீக்கருக்கும் பவர் குடுக்குற 4 சேனல் ஆம்ப்ளிஃபயர் வச்சு, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ உள்ள அடிச்சத்தம் ஸ்பீக்கருக்குப் போகாம கட் பண்ணி விட்டோம், இப்ப வால்யூம் ஏத்துனாலும் ஸ்பீக்கர் திணறல. பாம்பன் பாலத்துல காத்து அள்ளிட்டுப் போகுது, அப்பவும் பாட்டு வரி ஒவ்வொண்ணும் தெளிவா கேக்குது, எனக்கு அவ்வளவு சந்தோசம்!

குறைன்னா வண்டிய நிப்பாட்டிக் கேட்டா அடிச்சத்தம் கொஞ்சம் கம்மிதான், அடுத்து சின்ன சப்ஊஃபர் ஒண்ணு போடணும். கடற்கரை போயிட்டு வந்தா நல்ல தண்ணில நனைச்ச துணியால கிரில்ல தொடச்சிருங்க.