வாட்ஸ்அப் குழுவா, விக்கியா? 14 மோட்டார் மெக்கானிக்குகளுக்காக நாங்கள் எடுத்த முடிவு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விக்கி கட்சி, அதாவது படிக்கிறவர்களே திருத்தக்கூடிய இணையப் பக்கங்களின் கட்சி. அதனால் இந்த அலசலில் நடுநிலைமையை ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம். கோயம்புத்தூரில் பம்ப் செட் சர்வீஸ் பிரிவில் வேலை. பொள்ளாச்சி முதல் தாராபுரம் வரை தோட்டம் தோட்டமாகப் போகிற மெக்கானிக்குகள் 14 பேர், அவர்களுக்கு மேலே எல்லாம் தெரிந்த ஒரு ஃபோர்மேன் அண்ணன். யாருக்கு எங்கே சந்தேகம் வந்தாலும் அவருக்குத்தான் போன் போகும். காலை பதினோரு மணிக்கு அவர் லைன் கிடைப்பது தீபாவளிக்கு ரயில் டிக்கெட் கிடைப்பது மாதிரி. அவர் தலையில் இருப்பதை எல்லோருக்கும் எட்டுகிற இடத்தில் வைக்க வேண்டும் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்ததுதான் இந்த வேலை.

எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். வாட்ஸ்அப் குழு ஏற்கெனவே இருந்தது, செலவில்லை, யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, கிரீஸ் கையோடு மைக் பட்டனை அழுத்திப் பேசிவிடலாம். ஸ்லாக் என்ற ஆபீஸ் அரட்டைச் செயலியையும் பார்த்தோம். தேடிப் பார்க்கக்கூடிய எல்லாப் பேச்சும் அறிவும் அடங்கிய பதிவேடு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் அந்தப் பெயர் என்பார்கள், ஆனால் இலவசத் திட்டத்தில் கடைசி 90 நாள் பேச்சு மட்டுமே தெரியும், ஒரு வருஷம் தாண்டியது அழிந்தே போகும். போன கோடையில் கண்டுபிடித்த தீர்வு இந்தக் கோடைக்கு இல்லையென்றால் அதை வைத்து என்ன செய்வது? கன்ஃப்ளுயன்ஸ் என்ற கம்பெனி விக்கி 10 பேர் வரை இலவசம், எங்களுக்கு 14 பேரோடு ஆபீஸ் ஆட்களும் சேர, மாதா மாதம் யார் கட்டுவது என்ற கேள்வியிலேயே அது முடிந்தது. மிஞ்சியது வாட்ஸ்அப்பும், டோக்குவிக்கி என்ற விக்கி மென்பொருளும். டோக்குவிக்கி இலவசம், டேட்டாபேஸ் கிடையாது, ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்தால் பேக்கப் முடிந்தது. என்னை மாதிரி அரைகுறை கம்ப்யூட்டர் ஆளுக்கு அது பெரிய நிம்மதி.

இதோடு நிறுத்தினால் வாட்ஸ்அப்தான் ஜெயிக்கும். தோற்றது ஒரே ஒரு விஷயத்தில், தப்பான தகவலைத் திரும்ப வாங்குவதில்.

நடந்ததைச் சொல்கிறேன். குழுவில் ஒருவர், "7.5 ஹெச்பிக்கு ரிலேயை 15ல வெச்சுடுங்க" என்று போட்டார். அவர் நின்ற இடத்தில் அது சரி. மோட்டாரின் நேம் பிளேட்டில் 15 ஆம்பியர், மோட்டாரை நேரடியாக லைனில் இணைக்கும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டர், ஆகவே அளவுக்கு மீறி கரண்ட் போனால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலேயும் 15. அந்தச் செய்தியை இன்னொரு பையன் தன் போனில் ஸ்டார் போட்டு வைத்துக்கொண்டான். சில மாதம் கழித்து, மோட்டாரைக் குறைந்த வோல்டேஜில் கிளப்பி அப்புறம் முழு வோல்டேஜுக்கு மாற்றும் ஸ்டார் டெல்டா பேனல் ஒன்றில் அதையே செய்தான். அந்தப் பேனலில் ரிலே டெல்டா சுற்றுக்குள் உட்கார்ந்திருக்கும், அதற்குள் லைன் கரண்ட் முழுசாகப் போகாது, 58 சதவீதம்தான் போகும். 15க்கு 8.7 வைக்க வேண்டும். 15 வைத்தால் ரிலே இருந்தும் இல்லாத மாதிரி, மோட்டார் திணறினாலும் அது டிரிப் ஆகாது. வைண்டிங் கருகியது. நானூறு அடி போர்வெல்லிலிருந்து மோட்டாரை மேலே ஏற்றி, ரீவைண்டிங் பண்ணி, திரும்ப இறக்கும்வரை அந்த விவசாயியின் தென்னை காய்ந்தது. அவர் எங்களைத் திட்டியதில் பாதியைக்கூட இங்கே எழுத முடியாது.

செய்தியைப் போட்டவர் மேல் தப்பில்லை. அவர் அதைப் போட்ட அன்று சாயங்காலமே ஃபோர்மேன் அண்ணன் அதே குழுவில் "ஸ்டார் டெல்டாவுக்கு இது ஆகாது" என்று சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தத் திருத்தம் தனிச் செய்தியாக, நடுவில் நாற்பது குட்மார்னிங்குக்கும் ஒரு கல்யாணப் பத்திரிகைக்கும் கீழே கிடந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பியதை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், இரண்டு நாள் சொச்சத்துக்குள் எல்லோருக்கும் சேர்த்து அழிக்கலாம். அதற்கப்புறம் அதைத் தொட முடியாது. ஃபார்வர்டு ஆன பிரதிகளையோ எப்போதுமே தொட முடியாது. எங்கள் வேலையில் ஒரு தகவல் தப்பு என்று தெரிய ஒரு சீசனாவது ஆகும், பதினைந்து நிமிடம் எந்த மூலைக்கு?

விக்கியில் ஒரு விஷயத்துக்கு ஒரே பக்கம். திருத்தினால் அந்தப் பக்கமே மாறுகிறது, ஆறு மாதம் முன்னால் லிங்க்கைச் சேமித்தவனுக்கும் இன்றைய பதில்தான் தெரியும். 1995ல் வார்டு கன்னிங்ஹாம் முதல் விக்கியைத் தொடங்கியபோது, ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய பஸ்ஸின் பெயரை அதற்கு வைத்தார், ஹவாய் மொழியில் விக்கி என்றால் சீக்கிரம். படிக்கிறவனே அங்கேயே சட்டென்று திருத்தலாம் என்பதுதான் அதன் உயிர்.

சரி, அப்படியென்றால் விக்கி அமோகமாக ஓடியதா என்றால் இல்லை. முதல் முயற்சி படுதோல்வி. ஆபீஸ் ஏசியில் உட்கார்ந்து நான் வடிவமைத்தது அது. லாகின், ஆங்கிலத் தலைப்புகள், அகலமான அட்டவணைகள், நிரப்ப ஒன்பது கட்டங்கள் கொண்ட படிவம். நான்கு மாதத்தில் என்னைத் தவிர எழுதியவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் சோதித்துப் பார்க்க "ஹலோ" என்று எழுதியவர்.

பயனரை மையமாக வைத்து வடிவமைப்பது பற்றி ஐஎஸ்ஓ 9241-210 என்று ஒரு தரநிலையே இருக்கிறது. பயன்படுத்தும் ஆளையும் அவர் வேலையையும் அவர் நிற்கும் இடத்தையும் முதலில் புரிந்துகொள், அப்புறம் செய், சோதி, மாற்று என்பதுதான் அதன் சாரம். படிக்கும்போது இதைச் சொல்ல ஒரு தரநிலையா என்று சிரித்தேன். அப்புறம் இரண்டு வாரம் மெக்கானிக்குகளோடு வண்டியில் போனபோதுதான் உறைத்தது. உச்சி வெயிலில் போன் திரை தெரியவில்லை, சிக்னல் ஒரு கோடுதான், ஒரு கையில் டெஸ்டர், இன்னொரு கையை வேட்டித் துணியில் துடைத்துவிட்டுத்தான் போனைத் தொட வேண்டும். இவர்களிடம் போய் ஒன்பது கட்டம்!

இன்னொன்றும் கவனித்தேன். இவர்கள் கற்பது டீக்கடையில். "நேத்து ஒரு மோட்டார் என்னைப் படுத்துன பாடு இருக்கே" என்று ஒருவர் ஆரம்பித்தால் மூன்று பேர் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். ஜெராக்ஸ் கம்பெனியில் ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர் நகல் இயந்திர மெக்கானிக்குகளோடு சுற்றி இதையேதான் கண்டார். கம்பெனி கொடுத்த கையேடு ஒரு பக்கம் இருக்க, அவர்கள் சாப்பிடும்போது பரிமாறிக்கொண்ட கதைகளில்தான் நிஜமான ரிப்பேர் இருந்தது. 1990களில் அங்கே யுரேகா என்று ஓர் அமைப்பு வந்தது, மெக்கானிக்குகளே குறிப்பு எழுதுவார்கள், விஷயம் தெரிந்த சக மெக்கானிக்குகள் சரிபார்ப்பார்கள், எழுதியவர் பெயர் குறிப்பிலேயே இருக்கும். அந்தப் பெயர் விஷயத்தை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். பெயர் போட ஆரம்பித்த பிறகு குறிப்பு கேட்டு நான் யார் பின்னாலும் அலையவில்லை.

இப்போது இருப்பது இதுதான். படிக்க லாகின் கிடையாது. ஒரு பக்கம் என்றால் போன் திரையில் இரண்டு தள்ளு தள்ளினால் முடிய வேண்டும், தமிழில், பேசுகிற தமிழில். பக்கத்தின் தலையில் குறிப்புச் சொன்னவர் பெயர், கடைசியாகச் சரிபார்த்த தேதி, எந்த ஸ்டார்ட்டருக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்ற வரி. அந்தக் கடைசி வரிக்காகத்தான் ஒரு மோட்டாரைப் பறிகொடுத்தோம். பக்கத்தின் அடியில் "இது தப்பா இருக்கு" என்று ஒரு லிங்க், அழுத்தினால் வாட்ஸ்அப்பில் என் எண் திறக்கும், பேசி அனுப்பினால் போதும், நான் எழுத்தாக்கித் திருத்துகிறேன். ஆக வாட்ஸ்அப்பை ஒழிக்கவில்லை, கேட்பதும் சொல்வதும் அங்கே, தங்குவது விக்கியில். குழுவில் கேள்வி வந்தால் பதிலாக லிங்க் போகும், லிங்க் இல்லையென்றால் அன்று ராத்திரி ஒரு பக்கம் பிறக்கும்.

பராமரிப்புச் செலவை மறைக்க மாட்டேன். தினமும் என் அரை மணி நேரம் போகிறது. போன பங்குனியில் பத்து நாள் லீவு போட்டேன், திரும்பி வந்தால் இருபத்தாறு வாய்ஸ் நோட். ஆனால் மாதம் ஒருமுறை எல்லாப் பக்கத்தையும் தூசி தட்டுவது என்ற திட்டத்தை விட்டுவிட்டோம், அது ஒருமுறைகூட நடக்கவில்லை. சர்வீஸ் துறையில் கேசிஎஸ், அதாவது அறிவை மையமாக வைத்த சேவை, என்று ஒரு முறை உண்டு, பயன்படுத்துவதே சரிபார்ப்பது என்பது அதன் கொள்கை. யாராவது ஒரு பக்கத்தைத் திறந்து வேலை செய்து "சரியா இருந்துச்சு" என்று சொன்னால் தேதியை மாற்றுகிறேன். யாருமே திறக்காத பக்கம் பழசாகிக் கிடந்தால் கிடக்கட்டும். விக்கி வைக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான், அந்த அரை மணி நேரம் யாருடையது? பெயர் சொல்ல முடியவில்லையென்றால் வாட்ஸ்அப்பிலேயே இருங்கள், ஓனர் இல்லாத விக்கி அதைவிட மோசம்.

இப்போது எல்லோரும் சொல்வது ஏஐ. எல்லாவற்றையும் அதில் கொட்டிவிட்டால் கேட்டதற்குப் பதில் சொல்லும், பக்கம் பக்கமாக எழுத வேண்டாம் என்கிறார்கள். குழுவின் பழைய பேச்சை எக்ஸ்போர்ட் பண்ணி ஒன்றில் கொடுத்து ரிலே கேள்வியைக் கேட்டேன், தயங்காமல் 15 என்றது. விக்கிப் பக்கங்களை மட்டும் கொடுத்தபோது எந்த ஸ்டார்ட்டர் என்று திருப்பிக் கேட்டது. ஒரு மத்தியானம் விளையாடிப் பார்த்ததுதான், இதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல மாட்டேன். பேனல் கதவின் உள்பக்கம் க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டியதும் அப்படித்தான், ஒரு சீசன்தான் ஆகிறது, மழைக்குத் தாங்குமா என்று ஐப்பசியில் தெரியும். ஐந்தாறு பேர் இருக்கும் கடைக்கு இவ்வளவும் தேவையே இல்லை. இருநூறு பேர் இருக்கும் கம்பெனிக்கு என் அரை மணி நேரக் கணக்கு எடுபடாது என்றுதான் நினைக்கிறேன், அங்கே நான் வேலை பார்த்ததில்லை.

இரண்டிலும் அடங்காத சரக்கும் இருக்கிறது. டெலிவரி பைப்பில் கை வைத்துப் பார்த்தே, கீழே பம்ப் மண் இழுக்கிறதா, காற்று இழுக்கிறதா என்று சொல்வார் ஃபோர்மேன் அண்ணன். அதைப் பக்கமாக எழுத மூன்று முறை உட்கார்ந்தோம். மூன்று முறையும் "கையில தெரியுமுங்க" என்பதைத் தாண்டவில்லை. தை மாதத்தோடு அவர் ரிட்டயர் ஆகிறார், அதனால் சனிக்கிழமைகளில் புதுப் பையன்களை இரண்டு இரண்டு பேராக அவர் வண்டியில் ஏற்றி அனுப்புகிறோம்.