மேலேயா, கீழேயா? பான்வில் கரைப்பாதையின் விடுபட்ட துண்டு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியில் நின்று கிழக்கே வாசாட்ச் மலையைப் பார்த்தால், அடிவாரத்தில் யாரோ மட்டம் வைத்து வெட்டியதுபோல் ஒரு படி தெரியும். பான்வில் என்ற பழைய ஏரியின் கரை அது. ஒரு காலத்தில் இன்றைய கிரேட் சால்ட் லேக்கைவிடச் சுமார் ஆயிரம் அடி உயரத்தில் தண்ணீர் நின்றிருக்கிறது. அந்தக் கரையை ஒட்டி, ஐடஹோ எல்லையிலிருந்து நீஃபை வரை சுமார் 280 மைலுக்கு நடைபாதை போடுவது திட்டம். நூறு மைலுக்கு மேல் போட்டாகிவிட்டது. சிக்கலான இடங்களில் ஒன்று மில் கிரீக் பள்ளத்தாக்குக்கும் டிரேப்பர் ஊருக்கும் நடுவில். அங்கே வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் நேராக மலைதான். பாதையை மேலே பழைய கரையிலேயே போடுவதா, கீழே சாலை ஓரமாகப் போடுவதா என்பதுதான் கேள்வி.

கீழ் வழி சுலபம். வாசாட்ச் புலவார்டு என்ற சாலையை ஒட்டியே பாதையைக் கொண்டுபோய்விடலாம். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டுகூடப் போகலாம். ஆனால் காதில் கார் இரைச்சல், ஆகஸ்டில் தார்ச் சூடு. மலையில் நடந்துவிட்டு வந்தேன் என்று வீட்டில் போய்ச் சொல்ல முடியாது.

மேல் வழிதான் உண்மையான கரை. ஓக் புதருக்கு நடுவே நடந்தால் பள்ளத்தாக்கு முழுக்கக் கண்ணுக்குக் கீழே விரியும். சிக்கல் சட்டத்தில் இருந்தது. அந்தச் சரிவில் பாதை போக வேண்டிய சில பகுதிகள் காப்புவனமாக இருந்தன. 1964 காப்புவனச் சட்டப்படி அப்படிப்பட்ட இடத்தில் சைக்கிள் கூடாது, மரம் அறுக்க மோட்டார் ரம்பமும் கூடாது. அதனால்தான் அமெரிக்க நாடாளுமன்றம் நிலத்தை மாற்றிக்கொடுத்தது: அடிவாரத்தில் 326 ஏக்கரைக் காப்பிலிருந்து விடுவித்து, மில் கிரீக் பக்கம் அதே அளவைச் சேர்த்தார்கள். ஏக்கர் கணக்கு நேராகிவிட்டது. மானின் கணக்கு வேறு. பனி விழுந்தால் அது இறங்கி வருவது இந்த அடிவாரப் புதருக்குத்தான்.

சைக்கிளே வேண்டாம், நடப்பவர்களுக்கு மட்டும் என்று சிலர் கேட்கிறார்கள். இத்தனை நீளப் பாதையில் நடுவே ஒரு துண்டில் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்றால் யார் கேட்பார்கள்? மில் கிரீக்கின் மேல்பகுதியில் இரட்டைப்படைத் தேதி சைக்கிளுக்கு, ஒற்றைப்படைத் தேதி நாயைக் கட்டவிழ்த்து விடுபவர்களுக்கு. அந்த மாதிரி முறை வைத்துப் பார்க்கலாம்.

அப்புறம் வண்டி நிறுத்தம். மேல் வழி என்றதும் தெருக்காரர்கள் பயப்படுவது இதற்குத்தான். பெரிய நிறுத்துமிடம் ஒன்று கட்டினால் அந்த ஒரு தெரு மாட்டிக்கொள்ளும். தெருமுனைகளில் ஆள் மட்டும் நுழையும்படி சின்னச் சின்ன வழிகள் விட்டால் அக்கம்பக்கத்தார் நடந்தே வந்துவிடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்குப் பள்ளத்தாக்கு வாயில்களில் இடம் ஒதுக்கலாம். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது.

என் ஓட்டு மேல் வழிக்கு. ஆனால் கீழ்ப் பாதையையும் விட்டுவிடக் கூடாது. மார்ச்சில் பனி உருகும்போது மேலே ஒவ்வொரு அடிக்கும் செருப்பில் அரைக் கிலோ களிமண் ஒட்டும். கால் பதிந்தால் திரும்பிவிடு என்பது அங்கே நடப்பவர்களுக்குள் வழக்கம். திரும்பி வருபவர் நடக்க அப்போது புலவார்டு ஓரம்தான் இருக்கும்.