அடுத்த பத்து வருடம்: பெட்ரோல் ஸ்கூட்டரா, மின்சார ஸ்கூட்டரா?

பெட்ரோல் ஸ்கூட்டர் 100 கிலோமீட்டர் ஓட 2 லிட்டருக்கு மேல் குடிக்கும். சென்னை விலையில் 200 ரூபாய் போய்விடும். மின்சார ஸ்கூட்டருக்கு 3, 4 யூனிட் போதும். யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று வைத்தாலும் 40 ரூபாய்தான். தினமும் வேலைக்குப் போகிறவருக்கு இது பெரிய மிச்சம்.

சரி, சார்ஜ்? பெட்ரோல் இரண்டு நிமிடத்தில் நிரம்பிவிடும். மின்சார வண்டிக்குச் சில மணி நேரம் வேண்டும். சொந்த வீடென்றால் இரவில் சாதாரண பிளக்கில் மாட்டிவிட்டுத் தூங்கலாம். மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருப்பவர் எங்கிருந்து வயர் இழுப்பார்? என் கவலையெல்லாம் இவர்களைப் பற்றித்தான். பேட்டரி விலை இறங்கிக்கொண்டே வருகிறது. ஆனால் வாகன நிறுத்தத்தில் பிளக் வைப்பது வீட்டு உரிமையாளர் கையில் இருக்கிறது.

2035-இல் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் தயாராகும் மின்சார ஸ்கூட்டர்களே நகரத் தெருக்களில் அதிகம் ஓடும் என்று நம்புகிறேன். நெடுந்தூரம் போகிறவர்கள் மட்டும் பெட்ரோலை விடமாட்டார்கள்.