சிட்டுக்குருவியும் தூக்கணாங்குருவியும்

இனப்பெருக்கக் காலம் இல்லாதபோது தூக்கணாங்குருவியைப் பெண் சிட்டு என்றே நினைக்கத் தோன்றும். இரண்டும் ஒரே மங்கிய பழுப்பு. அலகைப் பாருங்கள்: தூக்கணாங்குருவிக்குத் தடித்த கூம்பு அலகு. பருவம் வந்தால் குழப்பமில்லை, ஆணின் உச்சந்தலை பளிச்சென்று மஞ்சளாகிவிடும்.

கூட்டில்தான் பெரிய வித்தியாசம். சிட்டை நான் சோம்பேறி என்பேன். ஓட்டு இடுக்கு, சுவர்ப் பொந்து, மீட்டர் பெட்டி, எது கிடைத்தாலும் வைக்கோலைத் திணித்துக் குடியேறிவிடும். ஆண் தூக்கணாங்குருவியோ பனையோலை, நெல்தாள்களை நாராகக் கிழித்து, பனையிலோ கிணற்றோர முள்மரத்திலோ கூடு பின்னும். பாதி முடிந்ததும் பெண் வந்து பார்க்கும். பிடித்தால் ஜோடி, இல்லையென்றால் அந்தக் கூடு பெரும்பாலும் அரைகுறைதான். பெண் முட்டையிட்டதும் ஆண் அடுத்த கூட்டுக்கும் அடுத்த பெண்ணுக்கும் கிளம்பிவிடும்! சிட்டில் இருவரும் சேர்ந்தே குஞ்சுக்கு ஊட்டுவார்கள்.

தானியம்தான் இரண்டுக்கும் முக்கிய உணவு; குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் புழு பூச்சி.