பெயரில்லாத பாட்டிலைக் கடல்நீர்த் தொட்டியில் ஊற்றாதீர்கள்

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள், அதிலும் தொட்டி தொடங்கி ஆறு மாதம்கூட ஆகாதவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மணலில் படிந்த பழுப்புப் பாசியைப் போக்குவதாகச் சொல்லி ஒரு கடைக்காரர் எனக்கு மூன்று பொருள்களை விற்றார். மூன்றில் ஒன்றுகூட அந்தப் பாசிக்கு உரியது இல்லை. ஏழு நத்தைகளில் ஐந்து செத்துப்போயின. அவர் தலையில் கட்டிய நட்சத்திர மீனும் போய்விட்டது.

முதல் மாதத்தில் மணல்மேல் பழுப்புத் தூள் படிந்தது. அது டயாட்டம் என்ற நுண்பாசி. புதுத் தொட்டியில் வருவதுதான், சிலிக்கேட் தீரத் தீரத் தானாகவே போய்விடும், எனக்கும் போய்விட்டது. நான்காவது மாதம் வந்தது வேறு. காலையில் மணல் ஓரளவு வெளுப்பாக இருக்கும். விளக்கு எரிந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் சளி மாதிரி பழுப்பு இழைகள் எழும், ஒவ்வொரு இழையின் நுனியிலும் ஒரு காற்றுக் குமிழி நிற்கும். மாலைக்குள் மணலும் பாறையின் அடிப்பக்கமும் மூடிவிடும்.

போனில் எடுத்த படத்தைக் கடைக்காரரிடம் காட்டினேன். ஒரு பார்வைதான் பார்த்தார். "இது சயனோ சார். மூணே நாள்ல போயிடும்" என்று பெயரோ விவரமோ ஒட்டாத ஒரு சின்ன பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். உள்ளே என்ன மருந்து என்று கேட்டதற்கு, "நம்மளே கலக்குறது, பயப்படாதீங்க" என்றார். அந்த இடத்திலேயே நான் திரும்பியிருக்க வேண்டும்.

சயனோ என்பது உண்மையில் பாசியே இல்லை, ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. அதனால் அதற்கு விற்கப்படும் மருந்துகள் பலவும் பாக்டீரியாவைக் கொல்பவை. அப்படிப்பட்ட மருந்தை ஊற்றினால் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையக்கூடும். ஏர் பம்ப் ஓட வேண்டும், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் நுரை தள்ளி வழியும் என்பதால் அதைக் கவனிக்க வேண்டும். முறையாக விற்கப்படும் மருந்தின் அட்டையில் இதெல்லாம் அச்சிட்டிருக்கும். என் பாட்டிலில் எதுவும் இல்லை, அவரும் வாய் திறக்கவில்லை. முதல் டோஸ் ஊற்றிய அன்று ஸ்கிம்மர் பொங்கி வழிந்தது. நான் அதை அணைத்துவிட்டுத் தூங்கப் போனேன். நடு இரவில் எழுந்து பார்த்தால் இரண்டு கிளவுன் மீன்களும் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. விடியும்வரை குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றித்தான் அவற்றைக் காப்பாற்றினேன்.

மூன்று நாளில் பாசி போகவில்லை. இன்னும் தடித்தது.

மறுபடி போனேன். இந்த முறை தண்ணீரைச் சோதித்துச் சொன்னார்: "நைட்ரேட் சைபர், பாஸ்பேட் சைபர். தண்ணி சூப்பர் சார்." சொன்ன கையோடு பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்புக் குருணை ஒரு பையையும் விற்றார். தீனியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார், வாரம் இருமுறை தண்ணீர் மாற்றச் சொன்னார். பாஸ்பேட் சைபர் என்று அவரே சொன்ன பிறகு எதை உறிஞ்ச அந்தப் பை? எனக்கு அப்போது இந்தக் கேள்வி எழவில்லை. சோதித்தவருக்கு எழுந்திருக்க வேண்டும். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஏனென்றால் எனக்கு வந்திருந்தது டைனோ, அதாவது டைனோஃப்ளாஜெல்லேட் என்ற ஒற்றைச் செல் நுண்ணுயிர். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சைபரில் கிடக்கும் தொட்டிதான் அதற்குத் தோதான இடம். சத்து இல்லாமல் பச்சைப்பாசியும் மற்ற நுண்ணுயிர்களும் நலிந்துபோகும். டைனோவோ ஒளிச்சேர்க்கையும் செய்யும், பாக்டீரியாவைப் பிடித்தும் தின்னும், ஆகவே தாக்குப்பிடிக்கும். போட்டிக்கு ஆளில்லாத மணல் முழுக்க அதற்கே. பாட்டில் மருந்து ஒரு பக்கம் போட்டியாளர்களைக் கொன்றது, குருணை மறுபக்கம் பட்டினி போட்டது.

மூன்றாவதாக அவர் விற்றது மணல் கிளறும் நட்சத்திர மீன். "மணலை அப்படியே சுத்தமா வெச்சிருக்கும்" என்றார். அது பாசியைத் தின்பதே இல்லை, மணலுக்குள் இருக்கும் சிறு உயிர்களைத் தின்னும். சிறிய தொட்டியில் அவை சீக்கிரமே தீர்ந்து பட்டினி கிடக்கும். மூன்றாவது வாரத்தில் அதன் கைகள் நுனியிலிருந்து கரையத் தொடங்கின. அதே வாரம் நத்தைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. நிமிர்த்தி வைத்தால் மறுபடி கவிழும். கடைசியாக அவர் சொன்ன யோசனை, மணல் முழுவதையும் அள்ளிவிட்டுப் புது மணல் போடுவது.

அங்கேதான் நின்றேன். தெரிந்த ஒருவரிடம் மைக்ரோஸ்கோப் இருந்தது. மணலில் இருந்து ஒரு சொட்டு எடுத்து 400 மடங்கில் பார்த்தோம். கண்ணீர்த்துளி வடிவச் செல்கள், ஒரு முனையை நூலில் கட்டிவிட்டது போல, நின்ற இடத்திலேயே ஆடிச் சுழன்றுகொண்டிருந்தன. ஆஸ்ட்ரியாப்சிஸ். நத்தைகளைக் கொல்லும் நஞ்சுள்ள டைனோ வகை. 2005-இல் இத்தாலியின் ஜெனோவா கடற்கரையில் இது பெருகியபோது கடல் காற்றைச் சுவாசித்தே சுமார் 200 பேர் சிகிச்சைக்குப் போக நேர்ந்தது. இதைத்தான் கடைக்காரர் என்னை வெறுங்கையால் தேய்த்து எடுக்கச் சொல்லியிருந்தார். தயவுசெய்து கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

மைக்ரோஸ்கோப் கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது. அந்தச் சளியைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு மூடிய புட்டியில் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். காபி வடிகட்டும் பேப்பரில் வடித்து, தெளிந்த தண்ணீரை விளக்குக்குக் கீழே ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடி இழையாகத் திரண்டால் டைனோ என்று பெரும்பாலும் நம்பலாம். சயனோ என்றால் மணலில் இருந்து போர்வை மாதிரி தகடு தகடாக உரியும், பெரும்பாலும் சிவப்பு அல்லது கருஞ்சிவப்பாக இருக்கும், நாற்றமடிக்கும். டயாட்டம் வெறும் தூள், இழையாகத் தொங்காது.

நான் குருணைப் பையை வெளியே எடுத்தேன், தண்ணீர் மாற்றுவதை நிறுத்தினேன், தீனியைக் கூட்டினேன். நைட்ரேட், பாஸ்பேட் கரைசல்களைத் தினமும் அளந்து விட்டு, நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம்முக்குள்ளும் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு) பாஸ்பேட் 0.1 பிபிஎம்மை ஒட்டியும் நிறுத்தினேன். மூன்று நாள் தொட்டியை முழு இருட்டில் வைத்தேன். ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் மணலை விட்டுத் தண்ணீரில் மிதக்கும் என்பதால் அதற்கு யூவி (புற ஊதா) விளக்கு நன்றாக வேலை செய்யும். தொட்டித் தண்ணீர் நேராக அதற்குள் போய்வரும்படி மாட்டினேன். மணலோடு ஒட்டியே கிடக்கும் ஆம்ஃபிடினியம் என்ற இன்னொரு டைனோ வகைக்கு யூவி அவ்வளவாக உதவாது, எனவே வகை தெரியாமல் வாங்கிவிடாதீர்கள். ஆறு வாரம் ஆனது. இப்போது கண்ணாடியில் லேசாகப் பச்சைப்பாசி படிகிறது. அதைப் பார்க்க அவ்வளவு நிம்மதியாக இருக்கிறது.

மைக்ரோஸ்கோப்பில் எடுத்த வீடியோவைக் கடைக்காரரிடம் காட்டினேன். "உங்க பராமரிப்பு சரியில்ல சார்" என்றார். பணமும் திரும்பவில்லை, பாட்டிலில் இருந்தது என்ன என்ற பதிலும் கிடைக்கவில்லை. அந்தப் பாட்டில்கள் இன்னும் அவர் மேசையில் வரிசையாக நிற்கின்றன.

இதுபோலப் பெயரில்லாத பாட்டில் எதையாவது நீங்கள் ஏற்கெனவே ஊற்றியிருந்தால், மற்றதெல்லாம் அப்புறம். முதலில் ஏர் பம்ப்பைப் போட்டுவிடுங்கள், தண்ணீரை ஓடவைக்கும் பவர்ஹெட் பம்ப்பை நீர்மட்டம் கலங்கும்படி மேல்நோக்கித் திருப்புங்கள், இன்றிரவு ஒரு தடவையாவது எழுந்து மீன்களைப் பாருங்கள்.