இரண்டு பேர் ஓட்டும் படகுக்கு எந்த விஞ்ச்?

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜூலை மாதம், மொரீஷியஸுக்கு வடக்கே உள்ள இல் ப்ளாட் தீவிலிருந்து எங்கள் பாய்மரப் படகில் கிராண்ட் பேக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். தென்கிழக்குக் காற்று 20 நாட் வேகத்தில் (மணிக்கு 37 கிலோமீட்டர்) முகத்தில் அறைகிறது. சுக்கான் மனைவி கையில். நான் ஒரு கையால் கயிறு இழுக்கும் கருவியான விஞ்சைச் சுற்றுகிறேன், மறு கையால் முன்பாயை இறுக்கும் தாமான் கயிற்றை இழுத்துப் பிடிக்கிறேன். "ஏங்க, கயிறு நழுவுது!" என்று அவள் கத்துவதற்குள் முன்பாய் படபடவென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. அன்று நங்கூரம் போட்ட கையோடு பழைய விஞ்ச் இரண்டையும் மாற்றுவது என்று தீர்மானித்தோம். (கடைக்காரர்கள் 'ஷீட்' என்பதைத்தான் நம் கடலோடிகள் தாமான் என்பார்கள், பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான். இந்தச் சொற்களை விட எனக்கு மனமில்லை.)

சாதா விஞ்சா, செல்ஃப் டெய்லிங்கா என்பதில் அலச ஒன்றுமில்லை. தலையில் உள்ள பல்வாய் கயிற்றைத் தானே கவ்விக்கொள்வதால் ஓர் ஆளே போதும். இருவர் மட்டும் ஓட்டும் படகில் அதற்குமேல் யோசிக்க வேண்டாம். கையால் சுற்றுவதா, மின்மோட்டாரா என்பதில்தான் எங்கள் வீட்டில் இரண்டு மாதம் பேச்சு ஓடியது.

முதலில் அளவு. பாயின் சதுர மீட்டரைக் காற்று வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, மறுபடி 0.021-ஆல் பெருக்கினால் தாமானில் விழும் பாரம் ஏறக்குறைய எத்தனை கிலோ என்று தெரியும். காற்று வேகம் நாட் கணக்கில். ஓடும் படகில் நம்மேல் படுகிற காற்று. எங்கள் முன்பாய் 32 சதுர மீட்டர். 20 நாட்டுக்கு 270 கிலோ, 25 நாட்டுக்கு 420! 40 எண் விஞ்ச் என்றால் ஒரு கிலோ அழுத்தம் 40 கிலோவை இழுக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. 270-க்கு 7 கிலோகூட வேண்டாம்; உராய்வைச் சேர்த்தால் 10 என்று வைத்துக்கொள்ளலாம். அதை மனைவியும் சுற்றுவாள். ஒன்று கவனியுங்கள்: அந்த 40 என்பது 10 அங்குலக் கைப்பிடிக்கான கணக்கு. இடம் போதவில்லை என்று 8 அங்குலம் போட்டால் 32 ஆகிவிடும்.

மின்விஞ்சின் சுகத்தை மறுக்கவில்லை. நண்பர் படகில் இரண்டு நாள் பட்டனை அழுத்திப் பார்த்தேன். தோள் வலி உள்ளவர்களுக்கு வரம். ஆனால் 900 வாட் மோட்டார் 12 வோல்ட்டில் 75 ஆம்பியர் குடிக்கும், பாரம் ஏறினால் இன்னும் கூடும். அதற்குக் கட்டைவிரல் தடிமனில் கேபிள், தனி பிரேக்கர். கயிறு சிக்கினாலும் மோட்டாருக்குத் தெரியாது. பாய் கிழியும், விரல் மாட்டினால் விரலும் போகும். ஒரு மின்விஞ்சின் விலைக்கு இரண்டு கைவிஞ்ச் வாங்கிவிடலாம்.

இதெல்லாம் இருந்தும் என்னைக் கைவிஞ்சின் பக்கம் சாய்த்தது பராமரிப்புதான். உப்புத்தண்ணீர் எதையும் விட்டுவைக்காது. கைவிஞ்சை நானே பிரிக்கலாம். ஓர் அட்டைப்பெட்டியின் அடியில் விஞ்ச் அளவுக்கு ஓட்டை போட்டு, பெட்டியைக் கவிழ்க்காமல் விஞ்சைச் சுற்றி மாட்டிவிடுவேன். துள்ளுகிற ஸ்பிரிங் கடலுக்குப் போகாமல் பெட்டிக்குள் விழும். இதைக் கற்றுக்கொள்ள நான் கடலுக்குக் கொடுத்த விலை இரண்டு ஸ்பிரிங். கயிறு சுற்றும் டிரம்மைத் தூக்கியதும் பழைய கிரீஸ் உப்போடு சேர்ந்து அல்வா மாதிரி நிற்கும். மண்ணெண்ணெயில் கழுவி, பல்சக்கரத்துக்கும் பேரிங்குக்கும் மெல்லிசாகக் கிரீஸ். டிரம் பின்னால் சுழலாமல் தடுக்கும் குட்டிப் பற்கள் இருக்கின்றனவே (ஆங்கிலத்தில் pawl, அதைத் தமிழில் எழுதினால் பசும்பால் ஆகிவிடும்), அவற்றுக்கு ஒரு சொட்டு எண்ணெய் மட்டும். கிரீஸ் தடவினால் ஒட்டிக்கொண்டு, பாரத்தோடு டிரம் பின்னால் சுழன்று கைப்பிடி மணிக்கட்டை அடிக்கும். மூடியபின் சுற்றிப் பார்த்தால் 'டிக் டிக்' என்று தெளிவாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மறுபடி பிரி. ஒரு விஞ்சுக்கு ஒரு மணி நேரம். வருடத்துக்கு இரண்டு தடவை செய்கிறேன்.

மின்விஞ்சிலும் இந்த வேலை அத்தனையும் உண்டு. கூடவே தளத்துக்கு அடியில், ஈரத்தில் தொங்கும் மோட்டாரும் பச்சை பூக்கும் கம்பி முனையும். மோட்டார் படுத்தால் உதிரிப்பாகம் விமானத்தில் வர வேண்டும். நண்பர் ஐந்து வாரம் காத்திருந்தார். அவருடைய விஞ்சைக் கைப்பிடி போட்டும் சுற்றலாம் என்பதால் தப்பித்தார். ஒரே ஒரு படகை வைத்துச் சொல்கிறேன். நன்றாகப் பராமரித்த மின்விஞ்ச் பத்து வருடம் உழைத்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

நடுவழியும் ஒன்று உண்டு: பேட்டரி டிரில்லில் விஞ்ச் முனையை மாட்டிப் பெரிய பாயை ஏற்றுவது. அருமையாக ஏறுகிறது. கடைசி ஓரடியை மட்டும் கையால் இழுங்கள், டிரில் உதறினால் மணிக்கட்டு தாங்காது. பாரம் ஏறிய தாமானில் நான் அதை முயன்றதில்லை.

பக்கத்துத் தீவான ரீயூனியனுக்குப் போகும்போது காற்று முதுகில், சுகம்தான். திரும்பி வரும் 230 கிலோமீட்டர்தான் பாடு. போன செப்டம்பரில் அதை இருவருமாகச் சுற்றியே வந்து சேர்ந்தோம், ராத்திரி முறை பெரும்பாலும் அவளுடையது. கழற்றிய பழைய விஞ்சுகள் இப்போது கேபின் கூரையில் ஆஞ்சானுக்கு இருக்கின்றன. ஒன்றில் தடுப்புப் பல் தேய்ந்திருக்கிறது. தைப்பூசக் காவடிக்கு முன் மாற்ற வேண்டும்.